அம்மாவின் கையெழுத்து

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. "படம் போட்டு நாலு வருஷம் ஆச்சும்மா. கம்ப்யூட்டருக்குக் கோடு (code) எழுதுறது பிழைப்பு, அதுல கலை எங்கே இருக்கு?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் நான் மூன்று வருடம் பஞ்ச் கார்டு, அதாவது கம்ப்யூட்டர் படிப்பதற்காகத் துளை போட்ட அட்டை, அடித்தது உனக்குத் தெரியும். ஒரு துளை தப்பாக விழுந்தால் அந்த அட்டையே வீண். கட்டுக் கட்டாக அனுப்பிவிட்டு மறுநாள் வரை காத்திருப்போம். சம்பளக் கணக்கும் ஸ்டாக் கணக்கும் தவிர அந்த அட்டைகளுக்கு வேறு வேலை உண்டு என்று நான் நினைத்ததே இல்லை. அதே மாதிரி அட்டைகளை வைத்துப் பாரிஸில் ஒரு பெண் படம் வரைந்திருக்கிறார்.

அவர் பெயர் வேரா மோல்னார். 1924-இல் புடாபெஸ்டில் பிறந்தவர், முறையாக ஓவியம் படித்தவர், 1947-இல் பாரிஸில் குடியேறியவர். கம்ப்யூட்டர் கைக்கு வருவதற்கு முன்பே, 1959 முதல், தானே சில விதிகளை வகுத்துக்கொண்டு அவற்றை ஒன்று விடாமல் பென்சிலால் வரைந்து பார்த்திருக்கிறார். அதற்குக் 'கற்பனை இயந்திரம்' என்று பெயரும் வைத்தார். உண்மையான இயந்திரம் 1968-இல்தான் கிடைத்தது, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில். 44 வயதில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் திரை கிடையாது. பிளாட்டர் என்ற வரையும் மெஷினின் பேனா தாளில் வரைந்து முடித்த பிறகுதான் என்ன வந்திருக்கிறது என்றே தெரியும். கலையிலிருந்து மனிதனைத் துரத்திவிட்டார் என்று திட்டினார்களாம். அவர் நிறுத்தவில்லை. ஒழுங்கான சதுரங்களை வரையச் சொல்லி, அதில் 1 சதவீதம் மட்டும் ஒழுங்கு குலையச் சொல்வார். அந்த 1 சதவீதத்தில்தான் படத்துக்கு உயிர் வருகிறது, பார்த்தால் உனக்கே தெரியும்.

ஜெர்மனியில் சீமென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த கணிதக்காரர் கியோர்க் நீஸும் அப்படித்தான். 1965 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் தன் கம்ப்யூட்டர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அங்கிருந்த ஓவியர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு அவர் செய்த 'சரளைக்கல்' என்ற படத்தைத் தேடிப் பார். வரிசைக்கு 12 சதுரம், மொத்தம் 22 வரிசை. மேலே அடுக்கி வைத்தது போல இருக்கும். கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பி, நகர்ந்து, கடைசியில் லாரியிலிருந்து கொட்டிய ஜல்லி மாதிரி ஆகிவிடும். அதன் புரோகிராம் சின்னதுதான், நீ ஒரு மாலையில் எழுதிவிடுவாய்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொன்று. மோல்னாரின் அம்மா வாரா வாரம் மகளுக்குக் கடிதம் எழுதுவாராம். ஒவ்வொரு வரியும் இடது பக்கம் நிமிர்ந்த, கண்டிப்பான எழுத்தில் தொடங்கி, வலது ஓரம் போகப் போகப் பதறும். வயது ஏற ஏற அந்தப் பதற்றம் தாள் முழுக்கப் பரவியது. படிக்க முடியாமல் போனாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது என்கிறார் மகள். ஒருநாள் கடிதங்கள் நின்றுபோயின. அதற்குப் பிறகு அம்மாவின் கடிதங்களை அவரே தனக்குக் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டார். எழுத்து எதுவும் இல்லை, அந்த நிமிர்வும் பதற்றமும் மட்டும், கோடுகளாக. 1981-இல் தொடங்கிப் பல வருடங்கள் செய்திருக்கிறார்.

இதைப் படித்ததும் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உன் ஆச்சி எனக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் அதில்தான் இருக்கின்றன. முதல் வரி பெரிதாக, நிதானமாக இருக்கும். இடம் தீரத் தீர எழுத்து சுருங்கி, பசை ஒட்டும் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறும். உடம்பு முடியாத கடைசி வருடத்தில் வரிகள் எல்லாம் கீழே சரிந்துவிட்டன. மோல்னாரின் படங்களைப் பார்த்த பிறகு அந்தச் சரிவைப் பார்க்க எனக்கு வேறு கண் வந்துவிட்டது. வெகுநேரம் அழுதுகொண்டிருந்தேன்.

நீ கம்ப்யூட்டரில் எழுதும் கோடும் நீ வரையாமல் விட்டுவிட்ட கோடும் அந்தப் பெண் கையில் ஒன்றாகத்தான் இருந்தன, பாப்பா. 2023 டிசம்பரில், 100 வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இறந்தார். அதுவரை வேலையை விடவில்லை.

தீபாவளிக்கு வரும்போது ஆச்சியின் கடிதங்களில் இரண்டை எடுத்துக்கொண்டு போ, ஒன்று நல்லா இருந்தபோது எழுதியது, இன்னொன்று கடைசி வருடத்தது. நடுவில் அந்தக் கை எப்படி மாறியிருக்கும் என்று வரைந்து பார். சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, முதலில் வருவதை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா