2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கீழக்கரை, மண்டபம், தொண்டிப் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது இருசக்கர வாகனப் பயணச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டும் தவறாமல் நடந்தன. பேசப்பட்டவை குறிப்பேட்டில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே, ஏப்ரல் கடைசி வாரத்தில் நாம் மேற்கொண்ட நான்கு நாள் மலைப்பயணத்துக்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

கோடை நெரிசலில் மலைக்குப் போக வேண்டுமா என்று சிலர் கேட்டனர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுத் தொழிலில் உள்ள நம் உறுப்பினர்களுக்குச் சேர்ந்தாற்போல் நான்கு நாள் கிடைக்கும் என்பதால் செயற்குழு தேதியை மாற்றவில்லை. ஊட்டி, கொடைக்கானல் ஆகியவற்றுக்கு 2024 மே முதல் இ-பாஸ் தேவைப்படுவதும் விவாதத்தில் எழுந்தது. அது அப்படியொன்றும் பெரிய தடையில்லை. மூணாறு என்று முடிவானதற்குக் காரணம் சாலைதான். தனுஷ்கோடியிலிருந்து மதுரை, தேனி, மூணாறு வழியாகக் கொச்சி வரை சென்ற பழைய 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் வாசலில் தொடங்கியது. இப்போது தனுஷ்கோடியிலிருந்து வரும் சாலைக்கு எண் 87. கொச்சியிலிருந்து மூணாறு, மதுரை வழியாக வருவது 85, அது தொண்டியில் முடிகிறது. எனவே தொண்டி உறுப்பினர்கள் ஐந்து வண்டிகளில் ஒரு சாலையிலும், மற்றவர்கள் ஒன்பது வண்டிகளில் இன்னொரு சாலையிலும் விடியுமுன் புறப்பட்டு, இரண்டும் சேரும் திருப்புவனத்தில் காலைச் சிற்றுண்டிக்கு ஒன்றுகூடினோம். கடலோரத்தில் முடியும் இரண்டு சாலைகளும் ஒரே மலைக்குத்தான் போகின்றன என்பதைத் தொண்டிக்காரர்கள் அன்று முழுவதும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தனர்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வரை சொல்வதற்கு வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. போடிநாயக்கனூரைத் தாண்டியதும் போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. நம்மில் பலருக்கு அதுவரை தெரிந்த ஏற்றம் பாம்பன் பாலம் ஒன்றுதான். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைக் குறைக்க முயன்று இரண்டு வண்டிகள் நடுவளைவில் நின்றுபோயின. வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும் என்பது ஐந்தாறு வளைவுகளுக்குப் பிறகே எல்லோருக்கும் கைவந்தது. இளைஞர்கள் இருவர் காத்திராமல் முன்னே சென்றுவிட்டனர். கைப்பேசியில் சிக்னல் இல்லாததால் அவர்களைத் தேடிப் பூப்பாறையில் ஒரு மணி நேரம் வீணாயிற்று. அவர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். கேப் ரோட்டின் மேகமும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களும் படங்களாக ஏற்கெனவே உங்கள் கைப்பேசிகளில் நிறைந்திருப்பதால் அவற்றை விரிக்கவில்லை.

இரண்டாம் நாள் மறையூர் வழியாகச் சின்னாறு வனப்பகுதிக்குள் இறங்கியபோது பசுமை முழுவதும் பின்னால் நின்றுவிட்டது. மேற்கிலிருந்து வரும் மழையை உயர்ந்த மலைகளே தடுத்துவிடுவதால் அந்தச் சரிவில் முட்செடிகளும் குட்டை மரங்களுமே வளர்கின்றன. முதுகுளத்தூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் வண்டியை நிறுத்தி, நம்மூர்க் காடு சீமைக்கருவேலம் வருவதற்கு முன்பு இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளியில் படித்ததை அரைமணி நேரப் பயணத்தில் கண்டது என்னைப் பொறுத்தவரை இப்பயணத்தின் மிகச் சிறந்த பகுதி. அன்று மாலையே உடுமலை, பொள்ளாச்சி, ஆழியாறு கடந்து 40 வளைவுகள் ஏறி வால்பாறையை அடைந்தோம்.

மூன்றாம் நாள் காலை புதுத்தோட்டத்தில் சாலையைக் கடந்த சிங்கவால் குரங்குகளுக்காகச் சற்று நின்றுவிட்டு, அதே 40 வளைவுகளில் இறங்கினோம். பத்தாவது வளைவை நெருங்கும்போது, மண்டபத்தைச் சேர்ந்த படகு ஓட்டுநரான நம் உறுப்பினரின் வண்டியில் முன்பிரேக் பிடி தளர்ந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. அவர் பதறாமல் கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து வாய்க்காலோரம் உரசி நிறுத்தினார். கால்மிதி வளைந்ததோடு சரி, அவருக்குக் காயமில்லை. டிஸ்க்கிலிருந்து கருகல் நெடி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றப் போனவரை நம் மெக்கானிக் உறுப்பினர் தடுத்துவிட்டார். சூடேறிய தகட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிவிடக்கூடும். பிரேக் ஆயில் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் அது கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி, பிடி வெறுமனே அழுந்தும். பயணத்துக்கு முந்தைய வாரம்தான் ஆயில் மாற்றியதாக வண்டிக்குரியவரிடம் பில் இருந்தது. எந்தப் பணிமனை என்பதை இங்கே எழுதவில்லை. எழுதவேண்டிய இடத்துக்கு அவர் எழுதியிருக்கிறார்.

ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் டிஸ்க் ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மேலே பாறையில் வரையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்போது அந்தப் படகு ஓட்டுநர் சொன்னதை அப்படியே குறிக்கிறேன்: “கடல்ல படகுக்கு ஏதுண்ணே பிரேக்கு? எஞ்சினைக் கொறைச்சுத்தான் நிப்பாட்டுறோம். தெனமும் செய்யுறதை இங்க வந்து மறந்துட்டேன்.” அதன் பிறகு அடிவாரம் வரை, எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும்படி அனைவரும் இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். இரவு பழனியில் தங்கி, மறுநாள் திண்டுக்கல், மதுரை வழியாக ஊர் திரும்பினோம். ஒவ்வொரு வண்டியும் 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது.

உப்புக்காற்றில் நிற்கும் நம் வண்டிகளின் செயினும் கேபிளும் துருப்பிடிப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். மூடிக்குள் இருப்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே பின்வருவனவற்றைச் செயற்குழு தீர்மானித்து, உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. மலைப்பயணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒவ்வொரு வண்டியையும் நம் உறுப்பினர் இருவர் மூடி திறந்து பார்க்க வேண்டும். பில்லைக் காட்டினால் போதாது. பின்னால் வருபவரின் விளக்கு கண்ணாடியில் தெரியாமல் எவரும் பிரிவுச் சாலையைத் தாண்டக் கூடாது. குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பது சட்டமாகவே இருப்பதால் அதற்குத் தனித் தீர்மானம் போடவில்லை.

வரும் தடைக்காலத்தில் 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குச் செல்லலாம் என்று தொண்டிக் கிளையிலிருந்து கோரிக்கை வந்துள்ளது. வண்டிப் பரிசோதனை முடிந்த பிறகே பெயர் பதிவு தொடங்கும் என்ற நிபந்தனையோடு அதை நான் பரிந்துரைக்கிறேன். பிரேக் ஆயில் செலவைச் சங்க நிதியிலிருந்தே கொடுக்கப் பொருளாளர் இசைந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்