மலை மறைக்காத சிக்னல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலைக்கு செல்போன் டவர் வேண்டும் என்று வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். நானும் அதே கட்சிதான். ஆனால் காற்றுமழை அடித்தால் இங்கே முதலில் போவது கரண்ட், அப்புறம் போன். 2018 கஜா புயலில் பல நாள் அப்படித்தான் கிடந்தோம்.

முப்பது வருடம் மன்னவனூர்ப் பக்கம் ரேடியோ, டிவி பழுது பார்த்தவன் நான். போன வருடம் சுமார் 2,500 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி குச்சி வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான். லேப்டாப்பில் டிவி பார்க்கச் செய்த சாமான் அது. உள்ளிருக்கும் ஆர்டிஎல்2832யு சிப்பை ரேடியோவாகவும் ஓட்டலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 வரை பிடிக்கும். ஸ்டேஷனைப் பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை. பழைய ரேடியோவில் ஸ்டேஷனைப் பிரித்தெடுக்க உதவும் ஐஎஃப்டி காயிலைத் திருகித் திருகிக் கை காய்த்தவனுக்கு இதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமைதான்.

பேத்திக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் செருகினேன். கோடை பண்பலை 100.5 வந்தது. சரி, அதற்கு டிரான்சிஸ்டரே போதும், பேட்டரியும் மிச்சம். மீடியம் அலையோ இந்தக் குச்சியில் நேரடியாக வராது.

என்னை உட்கார வைத்தது வேறு. ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மேகப்படத்தை அனுப்பியபடியே சுற்றுகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பிடிக்கலாம். 53 சென்டிமீட்டர் அலுமினியக் கம்பி இரண்டை ஆன்டெனாவாக அகலமான 'வி' போல விரித்து மொட்டைமாடியில் படுக்கவைத்தேன். முதல் இரண்டு நாள் வெறும் இரைச்சல். கேபிள் முனையில் என் பற்றவைப்புதான் விட்டிருந்தது, வெட்கக்கேடு! மூன்றாம் நாள் காலை பத்து நிமிடத்தில் படம் வரிவரியாக இறங்கியது. இலங்கை தெரிந்தது, வங்கக்கடலில் மேகம் திரண்டு நின்றதும் தெரிந்தது. பள்ளத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு டவர் சிக்னலை மலை மறைக்கும். இது தலைக்கு மேலே வருகிறது, எந்த மலை மறைக்கும்? படம் பிடிக்க இணையமும் வேண்டாம். செயற்கைக்கோள் வரும் நேரக்கணக்கை மட்டும் வாரம் ஒருமுறை கொடைக்கானல் போகும்போது புதுப்பித்துக்கொள்கிறேன்.

வானிலை மையத்தின் அறிவிப்புக்கு இது மாற்று ஆகாது. ஆனாலும் பூண்டைப் பிடுங்கிக் காயப்போட்டவர்கள் இப்போது என் வீட்டுக்கு வந்து, "மேகம் எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளோ இயற்பியல் பாடத்தில் படித்த அலைநீளத்தை அந்தக் கம்பியில் அளந்து பார்க்கிறார்கள்.

மேல்மலைப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு குச்சி வாங்கிக் கொடுக்கக் கல்வித்துறை யோசிக்கலாம். பழைய லேப்டாப் ஊரெல்லாம் கிடக்கிறது, பேட்டரி மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். கம்பி கட்டித்தர நான் வருகிறேன். கூலி வேண்டாம், பஸ் சார்ஜ் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
மன்னவனூர்.