பழகவந்தவருக்குச் சொல்லித்தருவது யார்?

ஆசிரியருக்கு,

தொழில் பழக வந்தவரை முழு ஷிப்டில் நிறுத்திவிட்டு, சின்ன உதவித்தொகையைக் கையில் திணிப்பதற்கும் 'பயிற்சி' என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-இல் ஏற்ற 208-ஆம் பரிந்துரை இதற்கு இடம் தரவில்லை. எழுத்து மூலமான ஒப்பந்தம், போதிய ஊதியம், வேலைநேர வரம்பு, விடுப்பு, வேலையில் அடிபட்டால் இழப்பீடு எல்லாவற்றையும் அது கேட்கிறது. பரிந்துரைதானே, கட்டாயமா என்பார்கள். சரி, சட்டம் இருக்கும் இடங்களில் மட்டும் ஒழுங்காகவா நடக்கிறது?

பகுதிநேர ஊழியர் கதையும் இதுதான். அதே அமைப்பின் 1994-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, வேலைநேரம் குறைந்தால் மொத்தச் சம்பளம் குறையலாம். பகுதிநேரம் என்பதற்காக மட்டும் மணிக்கணக்குக் கூலியைக் குறைக்கக் கூடாது. பணியிடப் பாதுகாப்பிலும் சங்கம் சேரும் உரிமையிலும் பாதி, முக்கால் என்ற கணக்கே கிடையாது. இயந்திரம் ஆள் பார்த்தா விரலை நசுக்குகிறது? ஆனால் இந்த உடன்படிக்கையை முறைப்படி ஏற்ற நாடுகள் கொஞ்சம்தான்.

தேவைப்படும்போது மட்டும் அழைக்கும் 'கூப்பிட்டால் வா' வேலையில் இருப்பவர்களுக்கு நேர அட்டவணையாவது முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்புறம், ஆய்வுக்குப் போகும் தொழிலாளர் அதிகாரிகள் வருகைப் பதிவேட்டோடு நிறுத்தாமல், தொழில் பழக வந்தவருக்கு யார், என்ன சொல்லித்தருகிறார் என்றும் கேட்கட்டும்.

– ஒரு வாசகர்