மூன்று விதமாக அதிரும் நாக்கு

உதகை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே விடாத சாரல். துணி காயவில்லை, முழங்கால் வலி மட்டும் தவறாமல் வருகிறது.

"உங்கள் நீலகிரிப் பழங்குடிகள் தொதவர் (தோடர்) பேசுவது கொச்சைத் தமிழ்தானே?" என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா. தமிழுக்குத் தங்கை முறை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள், மகள் இல்லை. பேசுகிறவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். மார்க்கெட்டில் நம்மிடம் தமிழிலேயே பேசிவிடுவதால் அவர்கள் மொழி நம் காதில் விழுவதே அபூர்வம்.

நாகர்கோவில்காரன் நீ. ர, ற இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்று ஹாஸ்டலில் எங்களை என்ன பாடு படுத்தினாய்! தொதவருக்கு நாக்கு அதிரும் ஒலிகள் மூன்று. பல்லை ஒட்டி ஒன்று, சற்று மேலே ஈறில் ஒன்று, நாக்கை மடித்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் லேசாக யகரம் கலந்த இன்னொரு வடிவமும் உண்டு. லடிஃபோகட், பாஸ்கரராவ் போன்ற ஒலியியலாளர்கள் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1996இல் இதற்கென்றே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'ஸ', 'ஷ' வகை ஒலிகளோ நான்கு விதம்!

நம் ஆறு அங்கே 'ஓற்', பத்து 'பொத்'. கடைசி உகரம் கழன்றுவிடும். ஐந்தை நம் எழுத்தில் எழுதவே முடியாது. உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லித் தொடங்க வேண்டும். நான் சொன்னால் பக்கத்துவீட்டு நாய் குரைக்கிறது.

இலக்கணத்தில் எனக்குப் பிடித்தது, அவன், அவள், அது, அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பது. வினைமுற்றும் மாறாது. உயர்திணை, அஃறிணை என்று நாம் மாணவர்களைப் படுத்திய பாட்டை நினைத்துக்கொண்டேன். நாம், நாங்கள் வேறுபாடு மட்டும் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு.

1930களில் இங்கே வந்து தங்கிய மொழியியலாளர் எமனோ, தொதவர் பாட்டுகளை எழுதி எடுத்தார். பெரும்பாலும் மூன்று அசைத் துண்டுகள். ஒன்றைப் பாடினால் அதன் ஜோடியையும் பாடியாக வேண்டும். எருமையைப் பாடினாலும், மந்து என்னும் தங்கள் குடியிருப்பைப் பாடினாலும் அப்படித்தான்.

சரி, டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, ஸ்வெட்டரை மறக்காதே. அப்புறம், நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கிலோ. டாக்டரிடம் சொல்லிவிடாதே.

உன்
பழைய அறைத்தோழன்