அப்பாவின் நினைவுக்கல்லுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர குருவானவர் அவர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், சபையாருக்கும், எங்கள் தகப்பனாரோடு கடற்படையில் பணியாற்றிய பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் ஸ்தோத்திரமும் நன்றியும்.

இந்தியக் கடற்படையின் பொறியியல் பிரிவில் இருந்து லெப்டினன்ட் கமாண்டராக ஓய்வுபெற்ற எங்கள் தகப்பனாருக்கு, அவர் ஞானஸ்நானம் பெற்ற நம் ஊர்க் கோயிலின் வடசுவரில் நினைவுக்கல் பதிக்கப்பட்டு, சென்ற ஞாயிறு ஆராதனை முடிவில் ஜெபத்தோடு பிரதிஷ்டை செய்யப்பட்டது. மூன்றடிக்கு இரண்டடிக் கல்தான் அது. ஆனாலும் அதில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்ய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

முதல் நன்றி, கூலி எதுவும் வாங்காமல் வரைபடம் போட்டுத் தந்த கட்டடக் கலைஞர் தம்பிக்கு. பென்சிலைத் தொடுமுன் அவர் எங்களைச் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்துக்குப் போய்வரச் சொன்னார். 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த ஆலயத்தின் சுவர்களில் படைத்தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வைத்த நினைவுச் சின்னங்களைப் பார்த்துத் திரும்பியபோது, புகழுரை ஒரு வரிகூட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் ஒருமனப்பட்டோம். பெயர், பதவி, ஆண்டுகள், ஒரு வசனம், அவ்வளவே.

சிற்பமாக என்ன வைப்பது என்பதில்தான் கருத்து வேற்றுமை வந்தது. கமிட்டிப் பெரியவர்கள் நங்கூரம் என்றார்கள்; 'ஆத்தும நங்கூரம்' என்று எபிரெயர் நிருபமே சொல்வதால் மறுக்க வழியில்லை. ஆனால் அப்பாவின் கப்பல் தோழரான பெரியவர், தள்ளாத வயதிலும் விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலேறி வந்து, விக்ராந்தின் கதையைச் சபையார் முன் சொன்னார். கொதிகலன்களின் நீர்க்கலங்களில் விரிசல் கண்டதால் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த அந்த விமானந்தாங்கிக் கப்பலில், மாற்றுக் கலங்கள் கிடைக்காத நிலையிலேயே, 1971 மார்ச் 1ஆம் தேதி பம்பாயில் கொதிகலன்களை மறுபடி மூட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அதனால் கப்பலின் வேகம் மணிக்கு 14 கடல் மைலாகக் குறைந்தது. அந்த வேகத்தை வைத்துக்கொண்டுதான் விக்ராந்த் வங்கக் கடலுக்குப் போயிற்று. டிசம்பர் 4ஆம் தேதி அதன் தளத்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் போர் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அப்பா இருந்ததோ கீழே, அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி. இவற்றில் பாதியை நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம். கோயில் சுவரில் இயந்திரக் கருவியா என்று ஒருவரும் கேட்கவில்லை. நங்கூரத்தின் அடியில், முள் 400இல் நிற்கும் அழுத்தமானி ஒன்று, உள்ளங்கையளவில் இடம்பெற்றது.

கடற்படைச் சின்னத்தின் 'சம் நோ வருண' (வருணன் நமக்கு நலம் அருள்க) என்ற வாசகத்தைப் பற்றியும் பேச்சு எழுந்தது. வருணனைக் கோயிலில் பொறிக்கலாமா என்று சிலர் தயங்கியபோது, நம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, நெய்தலைத் தொல்காப்பியம் 'வருணன் மேய பெருமணல் உலகம்' என்று சொல்வதை எடுத்துக்காட்டி, கடற்கரைக்காரர்களுக்கு அவன் அந்நியன் அல்லன் என்றார். அரசுச் சின்னத்தைத் தனியார் கல்லில் பொறிப்பது முறையல்ல என்பதால் பின்னர் அதைக் கைவிட்டோம். ஆனால் அந்த மாலைப் பேச்சுக்காகவே ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். 'திரளான தண்ணீர்களிலே தொழில்செய்கிறார்களே' என்ற சங்கீத வரியைத் தேர்ந்தவரும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் அப்பா விடாமல் எழுதிவந்த துதிக்கை வைத்த பழைய 'லை'யைக் கல்லிலும் அப்படியே இருக்கச் செய்தவரும் அவரே.

மயிலாடிச் சிற்பி அண்ணாச்சிக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. வெண்பளிங்கு கேட்ட எங்களிடம், உப்புக்காற்றில் அது மங்கிப் பொரிந்துவிடும், பித்தளையோ களிம்பேறும் என்று சொல்லிக் கறுப்புக் கிரானைட்டுக்கு மாற்றினார். வண்ணம் பூச வேண்டியதில்லை, மெருகேற்றிய கறுப்பில் உளி பட்ட இடம் தானே வெளுத்து எழுத்தாகத் தெரியும் என்றும் காட்டினார். இரும்புக் கொக்கி துருப்பிடித்துப் பருத்தால் கல்லையே பிளந்துவிடும் என்பதால், துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளில் தாங்கி, பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடப் பின்னால் அரை அங்குலம் இடைவெளி விட்டுப் பொருத்தினார். அன்று ஏணியைப் பிடித்தபடி நின்ற, கோயில் பணியாளரான கோயில்குட்டி அண்ணனையும் மறக்க மாட்டோம்.

அண்ணாச்சியிடம் வேலையை ஒப்படைக்குமுன் வேறொரு பட்டறையில் இதே கல்லில் எழுத்து வெட்டக் கொடுத்திருந்தோம். அங்கே 'லெப்டினன்ட்' விடுபட்டு, அப்பா கமாண்டராகிவிட்டார். நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தவர் அந்தக் கப்பல் தோழர்தான். கிடைக்காத பதவியைச் சுமக்க அவன் சம்மதிக்க மாட்டான் என்றார். நல்ல கல்லை வீணாக்குவானேன் என்று அண்ணாச்சி அதைப் புரட்டிப்போட்டு, மறுபக்கத்தை மெருகேற்றிப் புதிதாக வெட்டினார். அந்த வேலைக்குக் கூலியும் வாங்கவில்லை. ஆகவே சுவரைப் பார்த்த பக்கத்தில் அப்பா இன்றும் கமாண்டர்தான்.

என்றும் நன்றியுடன்,
மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்