அழகியல் சிகிச்சை மையப் பணியும் இளம் செவிலியர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செவிலியர் படிப்பை முடித்தவர்களுக்கு அழகியல் சிகிச்சை மையங்களில் நல்ல ஊதியத்துடன் வேலை காத்திருக்கிறது என்று தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வார்டு செவிலியராகப் பணியைத் தொடங்கி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அக்கட்டுரை சொல்லாமல் விட்ட சிலவற்றை, இவ்வாண்டு படிப்பை முடித்து வெளிவரும் பிள்ளைகளை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

இத்துறையை நாடும் இளையவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் கிடைக்கும் சம்பளமும், அரசுப் பணியில் ஆண்டுக்கணக்கில் நீளும் தொகுப்பூதியமும், ஓயாத நைட் டியூட்டியும் எப்படிப்பட்டவை என்பதை அறியாதவள் அல்ல நான். பகலில் மட்டும் வேலை, வாரவிடுமுறை, குளிரூட்டப்பட்ட அறை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இதைப் பகட்டு வேலை என்று இகழ்வோர் எங்கள் தொழிலிலேயே உண்டு. முகத்தில் தீக்காயத் தழும்போடும், ஆழமான பருக் குழிகளோடும், மங்கோடும் வாழ்கிறவர்களின் மன வேதனையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

என் கவலை, இந்தப் பணிக்குள் நுழையும் வழியைப் பற்றியது. இரண்டு மூன்று நாள் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ், மறுநாள் முதல் நீங்களே போடாக்ஸும் (முகச் சுருக்கத்தைக் குறைக்கும் ஊசி) ஃபில்லரும் (முகத்தின் குழிகளை நிரப்பும் ஊசி) போடலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நம் நாட்டில் பதிவு பெற்ற செவிலியர் பொதுவாகத் தாமாக மருந்து பரிந்துரைக்க முடியாது. போடாக்ஸில் உள்ள போட்டுலினம் நச்சு, மருத்துவரின் சீட்டு இல்லாமல் வழங்கக் கூடாத மருந்து. ஆகவே, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தவராயினும், மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவராயினும், நோயாளியை மருத்துவர் நேரில் பார்த்து எழுதிய குறிப்பு இல்லாமல் ஊசியை எடுத்தால், தனியார் பயிற்சி நிறுவனத்தின் சான்றிதழ் அவரைக் காப்பாற்றாது. வழக்கு என்று வந்தால் கேள்விக்குள்ளாவது தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் அவர் செய்த பதிவுதான். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அழகியல் அறுவைச் சிகிச்சைக்கும் முடி மாற்றுச் சிகிச்சைக்கும் வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது போதுமான பயிற்சி ஆகாது என்று மருத்துவர்களுக்கே சொல்லியிருக்கிறது. செவிலியருக்கு மட்டும் வார இறுதி வகுப்பு போதுமானதாகிவிடுமா?

ஊசி போடும் கைப்பழக்கம் எளிதில் வந்துவிடும். அதன் பிறகு நடப்பதைக் கவனித்து அறிவதே கடினம். ஹையலூரானிக் அமில ஃபில்லர் தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால், அப்பகுதித் தோல் வெளிறும். வலைபோலத் திட்டுத்திட்டாக நிறம் மாறும். விரலால் அழுத்தி எடுத்தால் ரத்தம் திரும்பிவரத் தாமதமாகும். பல ஃபில்லர்களில் மரப்பு மருந்தும் கலந்திருப்பதால், எச்சரிக்கை தர வேண்டிய வலிகூடச் சில நேரம் தெரியாது. உடனே ஹையலூரோனிடேஸ் என்ற கரைப்பு மருந்தைச் செலுத்தி ஃபில்லரைக் கரைக்காவிட்டால் தோல் அழுகலாம். மூக்கு, நெற்றி, புருவ இடை ஆகிய இடங்களில் போடும்போது கண்ணின் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பார்வையே போன நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. ஹையலூரானிக் அமிலம் அல்லாத ஃபில்லர்களை அந்த மருந்தால் கரைக்கவும் முடியாது. போடாக்ஸிலும் கவனம் வேண்டும். ஒரு நிறுவனத் தயாரிப்பின் யூனிட்டும் மற்றொன்றின் யூனிட்டும் சமமல்ல என்பதை அறியாமல் கலந்தால் இமை தொங்கிப்போகலாம். நம்மவர்களின் கருமையான தோலில் லேசரின் அளவைத் தவறாக வைத்தால், நீக்க வந்த கறையைவிடப் பெரிய கறை தங்கிவிடும்.

விரல் நுனியை அழுத்திப் பார்ப்பது, நாடித் துடிப்பில் மாற்றம் உணர்வது, ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சரியும்போது பதறாமல் அட்ரினலினை எடுப்பது எல்லாம் வார்டில் பழகுபவை. அறுவைச் சிகிச்சை வார்டிலோ அவசரச் சிகிச்சைப் பிரிவிலோ இரண்டாண்டு நின்றவருக்கு அந்தப் பார்வை தானாக வந்துவிடும். படிப்பு முடிந்த கையோடு மையத்தில் சேர்ந்தவருக்கு அது வர வழியே இல்லை, ஏனெனில் அங்கே வருவோர் பெரும்பாலும் நலமாக நடந்து வருகிறவர்கள்.

நம் பிள்ளைகள் வேலை தேடிச் செல்லும் நாடுகள் இதை உணர்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டுதலின்படி, பதிவு பெற்ற செவிலியர் குறைந்தது ஓராண்டு முழுநேரப் பணிக்குப் பின்னரே அறுவையற்ற அழகியல் சிகிச்சைக்குள் வரலாம். பிரிட்டனில் மருந்து எழுதும் தகுதி பெற்ற செவிலியரும், 2025 ஜூன் முதல், அழகியல் ஊசி மருந்துகளை ஆளை நேரில் பார்த்த பின்னரே பரிந்துரைக்க வேண்டும். அமெரிக்காவில் இத்துறைக்கான சிறப்புச் சான்றிதழ்த் தேர்வு எழுதவே இரண்டாண்டு அனுபவமும் 1,000 மணிநேரத் துறைப்பணியும் கேட்கிறார்கள். இங்கே வாங்கிய வார இறுதிச் சான்றிதழை நம்பி விமானம் ஏறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மையங்களில் செவிலியருக்கு மாத இலக்கு வைத்து, எத்தனை பேரைக் கூடுதல் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்தார் என்பதைக் கொண்டு ஊக்கத்தொகை தருகிறார்கள் என்று என்னிடம் பயின்றவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். குறையே இல்லாத முகத்தில் குறை தேடித் திரும்பத் திரும்ப வருபவருக்கு மனநல ஆலோசனை தேவைப்படலாம். அவரிடம் இது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவரே விற்பனையாளராகவும் இருந்தால், அந்தச் சொல் அவர் வாயிலிருந்து எப்படி வரும்? வேலையில் சேருமுன் ஒப்பந்தத்தில் இதைப் படித்துப் பார்த்து, இலக்கு இருந்தால் மறுத்துவிடுவதே நல்லது.

முறையான வழியும் நம்மிடமே இருக்கிறது. தீக்காயம் மற்றும் சீரமைப்பு அறுவைச் சிகிச்சைச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் போன்ற இடங்களில் பணியாற்றிவிட்டு அழகியல் மையத்துக்குப் போகிறவரை எந்த மருத்துவரும் விரும்பி ஏற்பார். அந்தப் பட்டயத்தில் அழகியல் சிகிச்சைக்கான பாடப்பகுதியைச் சேர்ப்பதும், செவிலியர் எதைச் செய்யலாம், எதை மருத்துவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்யலாம் என்று எழுத்தில் வரையறுப்பதும், 2023-ஆம் ஆண்டின் தேசியச் செவிலிய மற்றும் மகப்பேற்றுச் செவிலிய ஆணையச் சட்டத்தின்கீழ் அமையும் அமைப்புகள் தாமதிக்காமல் செய்ய வேண்டியவை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய பயிற்சி விளம்பரங்களை ஏற்கும்போது, அச்சான்றிதழை எந்தச் செவிலியர் குழுமம் அங்கீகரித்துள்ளது என்று கேட்டுப் பெற்று, அதையும் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டுகிறேன். அங்கீகாரம் இல்லையென்றால், இல்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
திருச்சி.