புதுப் பெட்டி வாங்குமுன் ஒரு வரி தட்டிப் பாருங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கு,

வணக்கம்.

கணினி அறையில் லினக்ஸ் ஓடும் விசிறியில்லாத சின்னப் பெட்டிகள் திடீர் திடீரென உறைந்துபோனால், "போர்டு போய்விட்டது" என்று முடிவுகட்டி உடனே கொட்டேஷன் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் செயலி செலரான் ஜே1900 அல்லது என்2840 சில்லா என்று முதலில் பாருங்கள். 2013இல் வரத் தொடங்கிய இன்டெல் பே டிரெயில் குடும்பம் அது. லினக்ஸில் அதன் உறைவு ஊரறிந்த கோளாறு.

வேலையில்லாத நொடியில் சில்லு தூங்கப் போகும். தூக்க நிலைகளுக்குச் சி என்ற எழுத்தோடு எண் உண்டு. சி1 கோழித்தூக்கம். சி6, சி7 என்று எண் ஏற ஏறத் தூக்கம் ஆழமாகும், மின்சாரம் மிச்சமாகும். இந்தச் சில்லுகள் சில வேளை ஆழத்திலிருந்து விழிப்பதே இல்லை. அதனால்தான் பிள்ளைகள் மும்முரமாகத் தட்டும்போது ஓடுவது, ஓய்வு நேரத்தில் நின்றுவிடுகிறது. காணொளி ஓடும்போதும் நிற்கலாம். படத்துக்குப் படம் நடுவில்கூடச் சில்லு கண்ணயரும்.

அடையாளம் இதுதான்: திரை அப்படியே இருக்கும், மூலைக் கடிகாரம் 10:42 என்றால் 10:42தான். கேப்ஸ் லாக் தட்டினால் விளக்கு மாறாது. முந்தைய ஓட்டத்தின் பதிவேட்டில் பிழை என்று ஒரு வரிகூட இராது, பாதியில் அறுந்திருக்கும். தானாக அணைந்து மறுபடி எழுந்தால் அது வேறு நோய். அடாப்டரைச் சோதியுங்கள், இடி மழையையும் சந்தேகியுங்கள்.

முதலில் லினக்ஸின் கருவான கெர்னலைப் புதுப்பியுங்கள். அப்படியும் உறைந்தால், பெட்டி எழும்போது வரும் கிரப் என்ற துவக்கப் பட்டியலில் 'இ' விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 (intel_idle.max_cstate=1) என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும். தப்பாகத் தட்டினாலும் அடுத்த துவக்கத்தில் பழையபடி ஆகிவிடும். சரிப்பட்டால் ஈடிசி அடைவில் டீஃபால்ட்டுக்குள் உள்ள கிரப் கோப்பில், மேற்கோள் குறிக்குள்ளேயே எழுதி, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். பலரும் இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு "பலனில்லை" என்பார்கள். ப்ராக் அடைவின் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்தால் வரி ஏறியதா என்று தெரிந்துவிடும்.

அந்த வரியில் 1க்குப் பதில் 0 போட்டால் எல்லாத் தூக்கமும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். தூக்கத்தைக் கவனிக்கும் 'இன்டெல் ஐடில்' என்ற இயக்கி (டிரைவர்) விலகிக்கொள்ள, 'ஏசிபிஐ ஐடில்' என்ற வேறோர் இயக்கி அந்த இடத்தில் உட்காரும்; ஆழத்தூக்கம் மறுபடி வந்துவிடும்.

சி1ஓடு நிறுத்தினால் பெட்டி சற்றுச் சூடாகும், மின்சாரமும் கூடும். கூடுவது 3 வாட் என்று வைத்தாலும், நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 20 நாள் என்றால் 480 வாட்-மணி. அரை யூனிட்கூட இல்லை. அதற்காகப் புதுப் பெட்டி வாங்குவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. மின்சாரமும் மிச்சமாக வேண்டும் என்பவர்கள், சில்லின் எல்லா உள்ளகங்களிலும் (கோர்) சி6 நிலைகளின் 'டிசேபிள்' கோப்பில் மட்டும் 1 எழுதி, சி7ஐ விட்டுவைக்கலாம். மறுதுவக்கத்தில் அழிந்துவிடும் என்பதால் துவக்கத்திலேயே ஓடும்படி வைக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் கொள்முதலை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். ஒரே மாதிரிப் பெட்டி இரண்டை எடுத்து, ஒன்றில் மட்டும் வரியை மாற்றி, உறையும் நேரத்தைத் திரைக் கடிகாரத்திலிருந்து தாளில் குறித்து வாருங்கள். மாற்றிய பெட்டியும் உறைந்தால் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டி நினைவகத்தைப் பாருங்கள். அதிலும் பிழை இல்லையென்றால் கொட்டேஷன் கேளுங்கள்.

இப்படிக்கு,
கடைத்தெருவில் கணினி பழுதுபார்ப்போர்